இடப்பக்கக் கண்ணாடி

திங்கட்கிழமை எட்டு மணிக்குத் திருவனந்தபுரத்துக்குப் புறப்பட வேண்டிய கார், கொல்லயில் கிராமத்தில், வீட்டு முற்றத்தில் ஒரு கதவின் தோலை உரித்துப் போட்டுவிட்டு நின்றது.

சரோஜம் பச்சைச் சேலை கட்டி, கைப்பைக்குள் ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு வெளியே வந்தாள். அவள் கணவர் ஞானசிகாமணி இடப்பக்கக் கதவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அது அவள் உட்காரும் பக்கம்.

"என்ன செய்யுதிய?"

"கண்ணாடி ஏற மாட்டேங்கு. ஒரு வாரமா இதே கூத்துதான். அத ஏத்தி இறக்குத ரெகுலேட்டர் போச்சு. சனிக்கிழமையே களியக்காவிளையில புதுசு வாங்கி வச்சுட்டேன். அரை மணிக்கூர் வேலையாக்கும்."

"இன்னைக்குத்தானா இது?"

"பின்னே? மழையில நனைஞ்சுட்டா வருவ?"

இரண்டு வாரமாக அவள் அந்தக் காரில் ஏறவில்லை. ஆராதனைக்குக்கூடப் போகவில்லை. போனால் யாராவது முகத்தைப் பார்த்து, "என்ன அக்கா, மெலிஞ்சுட்டிய?" என்பார்கள். ஒரு வார்த்தை வாயிலிருந்து விழுந்தால் போதும்; ஜெபச் சீட்டில் பெயர் ஏறும். சபை முழுவதும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து சுற்றி நின்று பாட்டுப் பாடும். மார்பில் இருந்த புளியங்கொட்டை அளவு கட்டியைப் பற்றி அவர்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும். அது என்னவென்று இன்று பன்னிரண்டு மணிக்குள் டாக்டரைப் பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஞானசிகாமணி இந்த இரண்டு வாரத்தில் 'கட்டி' என்ற சொல்லை ஒரு முறைகூடச் சொல்லவில்லை. 'அந்தக் காரியம்' என்பார். அதற்கும் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

அரை மணி நேரத்தில் நாலு கிளிப் உடைந்தது. அடுத்த அரை மணியில், கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளாமல் போல்ட்டைக் கழற்றியதில், அது கதவின் அடிவயிற்றுக்குள் போய் விழுந்தது. சரோஜம் அடுக்களையிலிருந்து இடுக்கியைக் கொண்டுவந்து கொடுத்தாள். இடுக்கியும் உள்ளே விழுந்தது.

முப்பது வருடம் ஐ.டி.ஐ.யில் பிள்ளைகளுக்கு ஃபிட்டர் வேலை சொல்லிக்கொடுத்த மனிதர். நாலு போல்ட்டுக்கு இப்படித் தடுமாறுகிறாரே என்று அவளுக்குப் பாவமாக இருந்தது. வயது யாரை விட்டது?

ஒன்பதரைக்குப் புது ரெகுலேட்டரின் வயரைச் சேர்த்தார். டப்பென்று ஃபியூஸ் போனது. காற்றுக்காக இறக்கி வைத்திருந்த மற்ற மூன்று கண்ணாடிகளும் இறங்கினபடியே நின்றுவிட்டன. அந்த நேரம் பார்த்து மழை தூறத் தொடங்கியது.

"என்ன சாரே, காருக்கு ஆபரேஷனா?"

சரோஜம் திடுக்கிட்டுத் திரும்பினாள். சபையின் உபதேசியார் எலியா, குடையோடு, வாசலில்.

"ரெண்டு பேரும் எங்க யாத்திரை?"

"சேலை எடுக்க," என்றார் ஞானசிகாமணி.

"பேங்குக்கு," என்றாள் சரோஜம், அதே நேரத்தில்.

எலியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேங்குக்குப் போயிட்டுச் சேலை எடுக்க," என்று ஞானசிகாமணி முடித்து வைத்தார்.

"அதுக்கு ஏன் காரு? பாறசாலையில இருந்து பத்து மணிக்கு மேல டிரெயின் உண்டே. ஸ்கூட்டர்ல ஒவ்வொருத்தரா ஸ்டேஷன்ல கொண்டு விடட்டா?"

"வேண்டாம்!" என்றார்கள் இருவரும். இந்த இரண்டு வாரத்தில் அவர்கள் ஒன்றாகச் சொன்ன ஒரே சொல் அதுதான்.

"சாரமில்ல, பரவாயில்ல. அப்படின்னா ஜெபிப்போம்."

எலியா குடையை மடக்கிப் பானெட்டில் கை வைத்தார். மற்ற இருவரும் கண்ணை மூடினார்கள். "செங்கடலைப் பிளந்த தேவனே, இந்தக் கண்ணாடிய உயர்த்தியருளும்…" எலியாவின் ஜெபம் தொடங்கினால் உலையில் போட்ட அரிசி குழைந்துவிடும் என்பது சபை அறிந்தது.

சரோஜம் கண்ணைத் திறந்தாள். எதிரே விரித்த பேப்பரில் கண்ணாடியைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகள் மட்டும் மிச்சம் இருந்தன. அவை ஏறி, ஃபியூஸையும் மாற்றினால் கார் கிளம்பிவிடும். கிளம்பினால் அந்த அறை, அந்த நாற்காலி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி பேசப்போகும் அந்த டாக்டர். தெரியாமல் இருக்கிறவரை அது வெறும் புளியங்கொட்டைதானே. இன்னும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே.

குனிந்து ஒரு போல்ட்டை எடுத்து முந்தானையில் முடிந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாரையும்விடச் சத்தமாக "ஆமென்" சொன்னவள் அவள்தான்.

பிறகு தேடினார்கள். எலியா பூச்சட்டிகளைப் புரட்டினார். ஞானசிகாமணி காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். சரோஜமும் தேடினாள்; நன்றாகவே தேடினாள். கடைசியில் ஒற்றைப் போல்ட்டில் தூக்கிய கண்ணாடி, பாதி வழியில் சாய்ந்து, ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் இறுகிப்போனது. மழை சீட்டில் குளம் கட்டியது.

பன்னிரண்டு அடித்தது.

ஞானசிகாமணி படியில் உட்கார்ந்து, வெட்டுப்பட்ட விரலைத் துணியால் சுற்றினார்.

"இனி போனா கிட்டாது," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"சேலைக்கடை ராத்திரி வரைக்கும் உண்டே சாரே," என்றார் எலியா.

சரோஜத்துக்கு நெஞ்சு எரிந்தது. நான் நனையக்கூடாது என்று காலையிலிருந்து இந்த மனிதர் ரத்தம் சிந்துகிறார். நான் ஜெபத்துக்கு நடுவில் திருடியிருக்கிறேன். முந்தானை முடிச்சு கல்லாகக் கனத்தது. சொல்லிவிட வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் எலியாவிடம் திரும்பினாள்.

"பாவம் உபதேசியாரே, ஒரு வாரமா இந்தக் கண்ணாடியோட மல்லுக்கட்டுதாரு," என்றபடி முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

குடையை விரித்த எலியா அப்படியே நின்றார்.

"ஒரு வாரமாவா? நேத்து ஆராதனை முடிஞ்சு சார் என்னைய வீட்டுல கொண்டு விட்டப்பம், மழை அடிக்குன்னு இந்தக் கண்ணாடிய நான்தானே அக்கா ஏத்துனேன், ஒத்த விரலால!"