உங்கள் அக்காவின் ராக்கெட்டுக்கு நான் நரம்பு கட்டினேன்

சுகர் லேண்ட், டெக்சாஸ்
சனிக்கிழமை காலை

அன்புள்ள மாப்பிள்ளை சேனாபதிக்கு,

நல்லசிவம் எழுதுவது. என் வலது கால் கட்டைவிரலைத் தவிர இங்கே அனைவரும் நலம். அங்கே கட்டைவிரல் உட்பட அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

போன தீபாவளிக்கு நாங்கள் ஊருக்கு வந்திருந்தபோது, ஒரு பல்பை மாற்ற நான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டதைப் பார்த்து, "ஏனுங் மச்சான், ஊருக்கெல்லாம் இயற்பியல் சொல்லிக் குடுத்தீங்களே, உங்க கையால ஒண்ணாச்சும் செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் இன்று என்னிடம் இருக்கிறது. மாப்பிள்ளை, நான் ஒரு டென்னிஸ் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டிவிட்டேன்! வீட்டிலேயே, கராஜில், என் சொந்தக் கையால்!

விஷயம் இதுதான். உங்கள் அக்கா நாகரத்தினம் இந்த வயதில் டென்னிஸ் கற்று, எங்கள் குடியிருப்பின் பெண்கள் போட்டியில் இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டாள். நாளைக் காலை ஆட்டம். எதிரே ஆடுவது பக்கத்துத் தெரு ஹம்சா. வியாழக்கிழமை பயிற்சியில் ராக்கெட்டின் நரம்பு பட்டென்று அறுந்தது. கடையில் கொடுத்தால் புது நரம்பு கட்டி செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும் என்றார்கள். வேறு ராக்கெட்டில் ஆடினால் அவளுக்கு முழங்கை வலிக்கிறது. ஆடாமலே கோப்பையை விட்டுக்கொடுப்பதா என்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். மனசு கேட்காமல், "நான் கட்டித் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

"நீங்களா? ஏனுங்க, உங்களுக்கு இடுப்புல கட்டுன வேட்டியே பெல்ட் போட்டாத்தான் நிக்குது!"

அதற்கப்புறம் விட முடியுமா? எதிர்வீட்டு கௌசிக்கிடம் நரம்பு கட்டும் இயந்திரம் ஒன்று சும்மா கிடந்தது, வாங்கி வந்தேன். ராக்கெட்டை அதில் படுக்க வைத்துப் பூட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு தண்டு, அதன் நுனியில் இரும்புக் குண்டு. நரம்பை மாட்டித் தண்டை இறக்கினால் விறைப்பாகிறது. நெம்புகோல் பாடத்தில் நான் சொல்லும், பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்கும் சீ-சா பலகையேதான். விறைத்த நரம்பு தளராமல் ஓர் இடுக்கி கவ்விக்கொள்ளும், துணி காயப்போடும் கிளிப்புக்குப் பெரியண்ணன் மாதிரி. முதன்முதலாகத் தொடும் கருவி, வெறுமனே தொடலாமா? குழைத்த சந்தனம் எடுத்து, குண்டுக்கு ஒரு பொட்டு, தண்டுக்கு ஒரு பொட்டு, வேலை செய்கிற இடத்துக்குத்தானே மரியாதை அதிகம் என்று இடுக்கியின் பல்லுக்குத் தாராளமாக அப்பி, சூடம் காட்டி ஆரம்பித்தேன். நரம்பை இழுக்கிறேன், இடுக்கி கவ்வுகிறது, வழுக்குகிறது. மறுபடி இழுக்கிறேன், மறுபடி வழுக்குகிறது. இந்த ஹூஸ்டன் பக்கத்துப் புழுக்கம் காரணமோ என்று கராஜ் கதவைத் திறந்தேன், பிறகு மூடினேன், ஃபேன் போட்டேன். குண்டின் திருகை நான் சரியாக முடுக்கவில்லை போல. குண்டு கழன்று என் கால் கட்டைவிரலில் இறங்கியது. என் சத்தம் கேட்டு ஓடி வந்த மகள் எழிலரசி இடுக்கியைப் பார்த்தாள்.

"அப்பா, கிளாம்ப்ல என்னப்பா மஞ்சளா?"

"சந்தனம்மா."

"அப்பா! அது கிரிப் ஆக வேண்டிய இடம்! பொட்டு வெச்சா எப்படிப்பா பிடிக்கும்?"

பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினோம். பிறகு கவ்வியது பாருங்கள், உடும்பு தோற்றது! சந்தனத்தோடு ஏற்கெனவே கட்டிய சில நரம்புகள் கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருந்தன. "அவுத்துட்டுத் திரும்பக் கட்டுங்கப்பா" என்றாள் எழிலரசி. நான்தான் இரக்கப்பட்டு அவற்றுக்குப் பாஸ் மார்க் போட்டுவிட்டேன். அப்புறம் குறுக்கு நரம்பு. மேலே, கீழே, மேலே, கீழே. வகுப்பில் ஒன்றுவிட்டு ஒன்றாக எழுந்து நிற்கச் சொல்வோமே, அப்படி. கடைசி முடிச்சைப் போட்டு உள்ளங்கையில் தட்டினேன். டங்! உங்கள் அக்காவும் தட்டிப் பார்த்தாள். "பரவால்லீங்களே!" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த வார்த்தையை நான் கேட்டதில்லை, மாப்பிள்ளை. நாளைக்குக் கோப்பை நம் வீட்டுக்குத்தான்!

சாந்திக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். நீங்கள் தொடும் கருவியெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கட்டும்.

அன்புடன்,
நல்லசிவம்

பி.கு. ஞாயிறு மாலை: எழிலரசி இந்தக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்குள் நிலைமை மாறிவிட்டது. நேற்று மாலை ஹம்சா வந்து, "அங்கிள், நீங்களே ஸ்ட்ரிங் பண்றேளாமே! என்னோடதையும் பண்ணித் தாங்கோளேன்" என்றாள். ஒரு பெஞ்சுக்கு மட்டும் பாடம் நடத்துகிற வாத்தியாரா நான்? கட்டிக் கொடுத்தேன். இரண்டாவது என்பதால் கை தேறியிருந்தது. இன்று உங்கள் அக்கா அடித்த பந்துகள், தொளதொள நரம்பு கவண் மாதிரி எறிய, வேலியைத் தாண்டி நீச்சல் குளத்தில் விழுந்தன; ஹம்சா அடித்தவை கோட்டுக்குள் விழுந்தன. கோப்பை ஹம்சாவுக்கு. அதோடு விட்டாளா? மைக்கைப் பிடித்து, "தேங்க்ஸ் டு நல்லசிவம் அங்கிள்!" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டேன். அதிலிருந்து உங்கள் அக்கா என்னோடு பேசவில்லை, காப்பிகூட எழிலரசி கையில்தான் வருகிறது. ஆகவே இதைப் படித்ததும் அக்காவுக்கு ஒரு போன் போட்டு, டென்னிஸ் என்ற பேச்சே எடுக்காமல் பேசிப் பாருங்கள்.