பக்கி தெரியுதா?

"படத்தைப் பாக்காதீங்க, எங்கப்பாவைப் பாருங்க. புரியுதா?" என்று வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள் அவள்.

"புரியுது, புரியுது" என்றான் நம் ஆள். ஒன்றும் புரியவில்லை. பெண் கேட்டு வந்தவன் பெண்ணின் அப்பாவைப் பார்க்காமல் வேறு யாரைப் பார்க்கப் போகிறான்? கையில் ஒரு பை நிறைய ஆப்பிள், தொண்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

நம் ஆளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. இருட்டறையில் ஆளை உட்கார வைத்து, எழுத்துப் பலகையைக் காட்டி, "இது தெரியுதா? இப்போ தெரியுதா? இதைவிட அது நல்லாத் தெரியுதா?" என்று காலை முதல் மாலை வரை கேட்டுக்கொண்டிருப்பான். கடையில் அவனுக்குப் பெயரே 'தெரியுதா' என்று ஆகிவிட்டது. அதோடு ஒரு பெருமையும் உண்டு. பார்வை மங்கியதை மறைத்து, எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிறவர்களை அவன் ஒரு நொடியில் பிடித்துவிடுவானாம். "என் கண்ணுல மட்டும் யாரும் மண்ணைத் தூவ முடியாது" என்பான்.

இவளே தூவியிருக்கிறாள், கூடை கூடையாக. முதல் தடவை ஏதோ கேட்க வந்தவள், இவன் முகத்தைப் பார்த்ததும் கேட்க வந்ததை விட்டுவிட்டு, "எனக்குக் கண் டெஸ்ட் பண்ணணும்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குக் கடைசி வரி தெரியவில்லை என்றாள். அடுத்த தடவை நடு வரி தெரியவில்லை. மூன்றாம் தடவை பலகையின் உச்சியிலிருந்த ஒற்றைப் பெரிய எழுத்தே தெரியவில்லை. நம் ஆள் பதறிப்போய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுத ஆரம்பித்த பிறகுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எழுத்தெல்லாம் நல்லாத்தான் தெரியுது. உங்களுக்குத்தான் ஒண்ணுமே தெரியல" என்றாள்.

அப்படி ஆரம்பித்தது, இந்த கேட் வரை வந்து நிற்கிறது.

அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். தெருவில் அவருக்கு 'சிக்னல்' என்று பெயர். இந்த ஸ்டேஷனில் நின்றபடியே அடுத்த ஸ்டேஷன் கைகாட்டியைப் பார்த்தவர் என்று சொல்லிக்கொள்வார்கள், முக்கியமாக அவரே சொல்லிக்கொள்வார். ஓய்வுக்குப் பிறகு கேமராவைத் தூக்கிக்கொண்டு காடு காடாகச் சுற்றுகிறார். எடுப்பதெல்லாம் ஒளிந்திருக்கும் உயிர்களின் படம். சருகோடு சருகாகக் கிடக்கும் பறவை, பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும் பல்லி. வீட்டுக்கு யார் வந்தாலும் படத்தின் முன்னால் நிறுத்தி, எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்வார்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க" என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் அவளே முன்பு ஒரு கதையும் சொல்லியிருந்தாள். அவளுடைய அத்தை மகன், "ஒண்ணும் தெரியலயே மாமா" என்றானாம். "கண்ணு எதுக்கு வெச்சிருக்கே?" என்று கேட்டவர், அதற்கப்புறம் அவனோடு பேசவே இல்லையாம். கண் பரிசோதிக்கிறவன் போய்த் தெரியவில்லை என்று சொன்னால் என்ன ஆகும்? நம் ஆள் தீர்மானித்துவிட்டான். என்ன காட்டினாலும் தெரியும்.

கதவு திறந்தது. மீசையும் தோளுமாக நின்றார் சிக்னல். நம் ஆள் ஒரு கையில் ஆப்பிள் பையைப் பிடித்தபடி மறு கையை நீட்டினான். அவர் அந்தக் கையை விட்டுவிட்டு, பையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாங்க, வாங்க" என்றார், பையிடம்.

ஆரம்பமே அவமரியாதை. போதாததற்கு, மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரத்துக்கு வந்து அவனை உற்றுப் பார்த்தார்.

கூடத்தில் பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. சுவரெல்லாம் படம், ஒவ்வொன்றும் கதவளவு.

"மாசாமாசம் படம் பெருசாயிட்டே போகுது. அடுத்த மாசம் கூரையைத்தான் தூக்கணும்" என்றபடி தேநீர்த் தட்டோடு வந்தாள் அவளுடைய அம்மா. "உக்காருங்க தம்பி."

சிக்னல் தொண்டையைச் செருமினார். "கண் பாக்குற கடைன்னு சொன்னா எம் பொண்ணு. அந்தப் பலகையில கடைசி வரி என்ன?"

தொழில் அறிவைச் சோதிக்கிறார் என்று புரிந்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். "ட, ப, ம, ய, ர, ழ."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னான். அவர் உதடு மெதுவாக அசைந்தது.

"அதுக்கு மேல் வரி?"

அதையும் சொன்னான். அம்மா எதற்கோ இருமினாள். மகள் அவனைப் பார்த்து, அப்பாவைப் பார்த்து, மறுபடி அவனைப் பார்த்தாள். நம் ஆள் அவளைப் பார்த்துத் தைரியமாகப் புன்னகை செய்தான்.

சிக்னல் எழுந்து அவனை முதல் படத்தின் முன்னால் நிறுத்தினார்.

"பக்கி!" என்றார்.

நம் ஆள் திடுக்கிட்டான். "சார், நான் டீயைக்கூட இன்னும் தொடலயே!"

"உங்களைச் சொல்லலங்க. பக்கின்னு ஒரு பறவை. காஞ்ச சருகு மாதிரியே இருக்கும்" என்றாள் அவள்.

"பக்கி தெரியுதா?" என்றார் அப்பா.

படத்தில் சருகு இருந்தது. சருகுக்குப் பக்கத்திலும் சருகு இருந்தது.

"தெரியுது சார்."

"தெரியுதா!" அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "எங்க? தொட்டுக் காட்டு."

குலதெய்வம், மேனேஜர் எல்லோரையும் நினைத்துக்கொண்டு ஒரு சருகின் மேல் விரலை வைத்தான். அவர் அந்த விரல் வரைக்கும் மூக்கைக் கொண்டுபோனார்.

"ஆமாமா, அங்கதான்" என்றார் கடைசியில். சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புப் பொட்டை எடுத்து, அந்த விரலை ஒட்டியே ஒட்டினார். "ஞாயித்துக்கிழமை நூலகத்துல என் கண்காட்சி. ஜனங்க தேடுவாங்க. தெரியாதவங்களுக்கு நான் காட்டணும்ல, அதுக்குத்தான் பொட்டு."

அடுத்தது மரப்பட்டையில் பல்லி. நம் ஆள் ஒரு முடிச்சைத் தொட்டான். பொட்டு விழுந்தது. "சபாஷ்! என்னை இனிமே சார்னு கூப்பிடாதே. மாமான்னு கூப்பிடு."

நம் ஆளுக்குத் தலை கால் புரியவில்லை. திரும்பி, பெருமையாகப் பக்கியைப் பார்த்தான். பொட்டுக்கு ஒரு சாண் தள்ளி, சருகுகளுக்கு நடுவே ஒரு கண் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணுக்குப் பின்னால் தலை, தலைக்குப் பின்னால் இறக்கை. நிஜப் பக்கி.

சமாளித்தாக வேண்டும்.

"மாமா, அங்க இன்னொண்ணும் இருக்கு பாருங்க."

"ரெண்டா? ஜோடியா!" அவர் துள்ளிக் குதிக்காத குறை. "தலைவருக்கு போன் போடும்மா!"

மகள் போட்டுக் கொடுத்தாள். புகைப்படச் சங்கத் தலைவருக்கு நற்செய்தி போயிற்று. தலைவர் நம்ப முடியவில்லை என்றாராம். "நேர்ல வந்து பாருங்க. கண் டாக்டரே பாத்துச் சொல்லிட்டார்" என்றார் மாமா. அந்த இடத்தில் நம் ஆளுக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

கடைசிப் படம்தான் பெரியது. பாறைச் சரிவு.

"இதுல ஒரு சிறுத்தை. வழிகாட்டி அதோன்னான், நான் அந்தப் பக்கமா அமுக்கிட்டேன். இதுவரைக்கும் ஒருத்தனும் காட்டல" என்றார் மாமா. குரல் கொஞ்சம் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "தெரியுதா?"

பாறைகளுக்கு நடுவே பழுப்பாக, பொதபொதவென்று ஒன்று கிடந்தது. நம் ஆள் விட்டான் விரலை. பொட்டு விழுந்த பிறகுதான் அதன் பித்தளைக் கொக்கி தெரிந்தது. அது தோள்பை. பக்கத்துச் சுவரிலேயே, அதே பையை மாட்டிக்கொண்டு மாமா சிரிக்கும் படம் ஒன்று இருந்தது.

அவசரமாகப் பொட்டை நகத்தால் கிள்ளி எடுத்தான். பொட்டு வந்தது. கூடவே படமும் ஒரு உள்ளங்கை அளவுக்கு வந்தது.

"என்ன சத்தம்?" என்றார் மாமா, அந்த ஓட்டைக்கு நேரே நின்றுகொண்டு.

"சிறுத்தை... வாயைத் திறந்திருக்கு மாமா."

"வாயைத் திறந்திருக்கா! அய்யோ, அய்யோ! போனைக் கொண்டாம்மா!"

தலைவருக்கு மறுபடி போன். சிறுத்தை உறுமுகிறது என்று மாமா சொன்னார். பத்திரிகைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று தலைவர் சொன்னார். மாமா போனை வைத்துவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே வந்து நம் ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு மாசமா தூக்கமில்லப்பா. ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் எப்படி நிக்கப் போறோம்னு இருந்தேன். நீ வந்தே" என்றார்.

நம் ஆளுக்கு அதுவரை இல்லாத வெட்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நூலகக் கூடத்தில், பத்திரிகைக்காரர்கள் சூழ, கிழிந்த ஓட்டையைக் காட்டி "இதோ சிறுத்தை" என்று இந்த மனிதர் சொல்லப் போகிறார். கூடமே சிரிக்கும். தன் கல்யாணத்துக்காக இவரை அப்படி நிற்க வைக்கலாமா? மனிதர் மேல் அவனுக்கு எப்போது பிரியம் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. வந்துவிட்டிருந்தது.

"மாமா, எனக்கு ஒண்ணும் தெரியல" என்றான்.

"என்ன தெரியல?"

"எதுவுமே தெரியல. நான் காட்டின இடத்துல பக்கி இல்ல. இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான், அது வேற இடத்துல இருக்கு."

"பல்லி?"

"மரம் மட்டும்தான் தெரிஞ்சுது."

"சிறுத்தை?"

"அது உங்க தோள்பை மாமா. இப்போ அதுவும் இல்ல, ஓட்டைதான் இருக்கு."

"என் பையா? அதைத்தான் ரெண்டு மாசமாத் தேடிக்கிட்டிருக்கேன்!"

அவர் பின்னால் கைவிட்டுத் துழாவி, நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். அதிர்ச்சியில் தடுமாறுகிறார் என்று நினைத்தான் நம் ஆள்.

"எனக்குப் பொண்ணு குடுக்க வேணாம் மாமா. ஆனா ஞாயித்துக்கிழமை நீங்க தலை குனியக் கூடாது. நான் இங்கயே உக்காந்து ஒவ்வொரு படமா நிஜமாத் தேடிக் குடுத்துட்டுப் போறேன்."

"அப்போ தெரியாமலேயா தெரியுது தெரியுதுன்னு சொல்லிக்கிட்டிருந்தே?"

"ஆமா மாமா. தெரியலன்னு சொன்னா மரியாதை போயிடுமோன்னு பயம்."

அவர் திட்டவில்லை. மீசையை நீவிக்கொண்டார்.

"ம்... அப்படித்தான் இருக்கும்" என்றார் சன்னமாக.

அவள் வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அழப் போகிறாளா சிரிக்கப் போகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"நாளைக்குக் கடை திறந்திருக்குமா?" என்று கேட்டார் மாமா, சம்பந்தமே இல்லாமல்.

"திறந்திருக்கும் மாமா. எதுக்கு?"

தட்டைக் கீழே வைத்துவிட்டு, சிரித்துச் சிரித்து நிறைந்த கண்களைத் துடைத்துக்கொண்டு அம்மாதான் சொன்னாள்:

"அவருக்கும்தான் ஒண்ணும் தெரியல, மாப்பிள்ளை! ரெண்டு கண்ணுலயும் புரையை வெச்சுக்கிட்டு, யாராவது காட்டிக் குடுப்பாங்களான்னு வர்றவங்களை எல்லாம் பிடிச்சு நிறுத்தறார். இதுக்கு என்ன பண்றதுன்னு கேட்டுட்டு வாடின்னு இவளை உங்க கடைக்கு அனுப்பினா, போன இடத்துல இவளுக்கு வேற ஒண்ணு கண்ணுல பட்டுடுச்சு."