பேருந்துக்கு அடியில் இரண்டு கால்கள்

பெருமதிப்பிற்குரிய மைத்துனரும் நாளிதழின் செய்தி ஆசிரியருமான தங்களுக்கு, தங்கள் அக்காவின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம். அங்கே தாங்களும் பிள்ளைகளும், கோபித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் என் மனைவியும் நலமாகத்தான் இருப்பீர்கள். விசாரிக்காமல் இப்படி எழுதுவது தங்கள் பத்திரிகை தர்மத்துக்கு அடுக்காதுதான். என்ன செய்ய, போனில் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். உங்கள் அக்கா நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. பேனாவைத் தொட்டு எத்தனையோ வருஷமாச்சு, முதல் பத்திக்கே விரல் வலிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பேப்பரில் ஏழாம் பக்கத்தில், மூக்குக்கண்ணாடி விளம்பரத்துக்குக் கீழே, "பணிமனையில் விபத்து இல்லை" என்று நாலு வரி வந்திருந்ததே, படித்தேன். நாலு வரி! அதுவும் மறுநாள் காலையில்! விபத்து இல்லை என்பதெல்லாம் ஒரு செய்தியா மச்சான்? நடக்காததை எல்லாம் போட ஆரம்பித்தால் பேப்பர் தாங்குமா? அதற்கு ஒரு நிருபர், அவருக்கு ஒரு ஸ்கூட்டர், அவர் போய் நாலு பேரை விசாரிக்க, அதை ஒருத்தர் திருத்த, திருத்தினதை நீங்கள் மறுபடியும் திருத்த, அடேயப்பா! அதற்குள் நான் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் மூணு விபத்தும் ஒரு புயலும் போட்டிருப்பேன்.

உங்கள் அக்கா அவள் பக்கத்தைச் சொல்லியிருப்பாள். இரண்டு தரப்பையும் கேட்பது உங்கள் வழக்கமாயிற்றே, என் பக்கத்தையும் கேளுங்கள். அன்றைக்கு மத்தியானம் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே பஸ் ரிப்பேர் செய்யும் ஷெட். மதிலுக்கு அந்தப்பக்கம் ஒரு பஸ் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, ஜன்னலில் ஒரு கண்ணாடிகூட இல்லை, அடியில் நீலப் பேன்ட் போட்ட இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, அசைவே இல்லை. ஒரு காலில் செருப்பும் இல்லை. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? படம் எடுத்தேன், "பஸ் கவிழ்ந்தது, ஒருவர் பலி, அதிகம் பகிரவும்" என்று போட்டேன். உங்கள் அக்கா உள்ளேயிருந்து, "கீழ போய் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்களேன்"னு சொன்னாள், இல்லையென்று சொல்லவில்லை. நான் இறங்கிப் போய், கேட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வருவதற்குள் மூன்றாம் மாடி பல் டாக்டர் முந்திக்கொண்டால் யார் பொறுப்பு? தண்ணீர்த்தொட்டி வெடித்த செய்தியில் என்னை முந்தினவர் அவர். தொட்டி வெடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அவர் சும்மா இருப்பாரா? என் படத்தையே எடுத்து, "பலர் பலி" என்று போட்டார். இரண்டே இரண்டு காலை வைத்துக்கொண்டு பலராம்! கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? ஆம்புலன்ஸ் வந்தது, தெருவே திரண்டது, நாலு வாலிபர்கள் மதில் ஏறிக் குதித்துக் காலைப் பிடித்து இழுத்தார்கள். மெக்கானிக் சாப்பிட்டுவிட்டுப் பஸ் நிழலில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். "எவன்டா அது, காலைப் புடிச்சு இழுக்கிறது?" என்று எழுந்ததில் இரும்பில் நெற்றி மோதி வீங்கிவிட்டது. ஆக ஒருவர் காயம், அது உண்மைதானே? உங்கள் நாலு வரியில் அந்த வீக்கத்தைக் காணோம். நானோ உடனே, "குழுவின் துரித நடவடிக்கையால் உயிர் மீட்பு" என்று போட்டேன். எத்தனை கைத்தட்டல் தெரியுமா?

இதற்குள் அந்த மெக்கானிக்கின் மனைவி தையல் கம்பெனியிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தாள். யாரோ போனைக் காட்டியிருக்கிறார்கள், பேன்ட்டைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவள் தைத்த பேன்ட்டாம் அது. புருஷன் உயிரோடு வந்து நின்ற பிறகும் அவர் கையையும் காலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். உங்கள் அக்காதான் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தப் பெண், "இதை யாருக்கா போட்டது?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். உங்கள் அக்கா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பையை எடுத்தாள். ஒரு வார்த்தை திட்டக்கூட இல்லை, மச்சான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி, சாயங்காலத்துக்குள் சரியாகியிருக்கும்.

அன்றைக்குக் காயப்போட்ட துணி இன்னும் கொடியிலேயே கிடக்கிறது. வீட்டில் எதுவும் வைத்த இடத்தில் இல்லை. நான் செய்தது தப்பில்லை, வேகம். அதைத் தாங்கள் எடுத்துச் சொல்லி, அவளை நாளைக்கே பஸ் ஏற்றிவிட வேண்டியது. இதற்கும் நாலு பேரை விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். தங்கள் பேப்பர் என்றைக்காவது ஒருநாள் அன்றைய செய்தியை அன்றைக்கே போட வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதினதை விட்டுத்தள்ளு. அது நேற்று எழுதினது. இன்று காலையில் அந்த மெக்கானிக்கின் மனைவி வந்து, "அக்கா பஸ் ஏறிட்டாங்களாம், எனக்குப் போன் பண்ணாங்க"ன்னு சொல்லிட்டுப் போனா. எனக்குப் பண்ணவில்லை, பரவாயில்லை. வீட்டைப் பெருக்கி, துணியெல்லாம் மடித்து வைத்தேன். இப்போது பல் டாக்டர் குழுவில் போட்டிருக்கிறார்: புறவழிச்சாலையில் பஸ் கவிழ்ந்தது, பலர் பலி. படம் நான் எடுத்த படம்டா. அதே சாய்ந்த பஸ், அதே நீலப் பேன்ட், ஓரத்தில் நான் காயப்போட்ட துண்டின் முனைகூடத் தெரிகிறது. படம் பொய்யென்று எனக்குத் தெரியும். செய்தியும் பொய்தானா என்று தெரியவில்லையே! அவள் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. என் போன் என்பதால் எடுக்கவில்லையா, வேறு ஏதாவதா, யாரைக் கேட்பேன்? ஆட்டோ பிடித்து வந்து உன் ஆபீஸ் வாசலில்தான் நிற்கிறேன். காவலாளி என்னை மேலே விடமாட்டாராம், கடிதத்தை மட்டும் கொடுக்கிறேன் என்கிறார். அந்த ஸ்கூட்டர்காரரை அனுப்பு. நாலு பேரை விசாரிக்கட்டும். ஒருத்தர் திருத்தட்டும், நீயும் மறுபடி பார். பார்த்துவிட்டு, "விபத்து இல்லை" என்று ஒரே ஒரு வரி எழுதிக் கீழே கொடுத்தனுப்பு. எவ்வளவு நேரமானாலும் இங்கேயே நிற்கிறேன்.