மேல்மாடத்து நீதிபதிகள்

உலகத்தில் பாடத் தெரிந்தவர்கள் ஓர் இனம், பாடத் தெரியாதவர்கள் இன்னோர் இனம். இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று உண்டு. அதற்குப் பாடவே வராது. ஆனால் பாடுகிறவன் எங்கே தவறுவான் என்பது மட்டும் பிசகாமல் தெரியும். இத்தாலியில், எங்கள் பார்மா நகரத்து ஓபரா அரங்கில், கூரைக்கு அடியில், மலிவு டிக்கெட் மேல்மாடத்தில் இந்த இனம் கூட்டமாக வசிக்கிறது. நானும் அதில் ஒருவன். பயப்பட வேண்டாம். நீங்கள் பாடாதவரை நான் சாது.

இந்த இனத்துக்காரரை எப்படி அடையாளம் காண்பது? மேடையைப் பார்க்கவே மாட்டார். கீழே அரண்மனை எரியும், அண்ணன் தம்பியைக் குத்துவான், கதாநாயகி விஷம் குடித்துத் துடிப்பாள். இவரோ கண்ணை மூடி, ஆள்காட்டி விரலை உயர்த்தி, "இந்த மூச்சை இன்னும் கொஞ்சம் தள்ளி எடுத்திருக்கணும்" என்று முணுமுணுப்பார். சாகிறவளுக்கு மூச்சு விடுவதில்கூடவா கண்டிப்பு? கேட்டுவிடாதீர்கள். உங்களைத் திரும்பிப் பார்ப்பார். அதற்குப் பிறகு நீங்கள் வேறு ஊரில்தான் ஓபரா கேட்க வேண்டும்.

எங்களுக்குப் பிடித்த பாடகர்கள் எல்லோரும் காலமானவர்கள். உயிரோடு இருப்பது இந்தத் தொழிலில் பெரிய குறை. என் சங்கீதம் எப்படி என்கிறீர்களா? சவரம் செய்யும்போது நான் லேசாக முனகினாலே என் மனைவி தெல்மீனா ஓடிவந்து ஜன்னலைச் சாத்துவாள். அக்கம்பக்கத்தார்மீது அவளுக்கு அவ்வளவு கரிசனம்.

இப்படிப்பட்ட எங்களுக்குப் போன மாதம் ஒரு சோதனை வந்தது. ஓபராவை நடக்கும்போதே படம்பிடித்து, ஊர் ஊராகத் திரையரங்குகளில் காட்டப்போகிறார்களாம். கதாநாயகன் யார்? ரொட்டிக்கடை லேடாவின் மகன் ஆதெல்மோ. எங்கெங்கோ பாடிவிட்டுப் பிறந்த ஊரில் முதல்முறையாக மேடையேறுகிறான். ஞாயிறு பிற்பகல் திரை விலகுவதற்கு முன்னால், அரங்கின் மேலாளர் மூச்சிரைக்க எங்கள் மாடத்துக்கு ஏறி வந்து கும்பிடாத குறையாகக் கெஞ்சினார்.

"இன்னிக்கு ஒருநாள் மட்டும், அவன் தப்பாப் பாடினாலும் ஊளையிடாதீங்க. படத்துல பதிஞ்சா அந்தப் பையன் ஆயுசுக்கும் அதைச் சுமந்துக்கிட்டு அலையணும்."

எங்கள் தலைவர், பன்றி இறைச்சிக்கடை ஓட்டோரினோ, நிதானமாகச் சொன்னார்: "அப்போ அவனை ஒழுங்காப் பாடச் சொல்லுங்க. எங்ககிட்ட ஏன் வர்றீங்க?"

என் பக்கத்தில் லேடா, கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. எத்தனை வருஷமாக அவள் சுட்ட ரொட்டியைத் தின்கிறேன்!

"பயப்படாதீங்க அக்கா. இன்னிக்கு நான் கை மட்டும்தான் தட்டுவேன்."

"நீ தட்டினா என்ன, தட்டாட்டி என்ன? அவன் நல்லாப் பாடணும். அது நடக்குமான்னு சொல்லு."

மூன்றாம் அங்கம். சிறைச்சாலை. தூக்குமேடைக்குப் போகுமுன் கதாநாயகன் காதலியிடம் விடைபெறும் பாட்டு. அதில் உச்சியில் ஒரு ஸ்வரம் இருக்கிறது. எலி வளைக்கு வெளியே பூனை உட்கார்ந்திருப்பதுபோல எங்கள் ஊரே அதற்காக உட்கார்ந்திருக்கும். ஆதெல்மோ ஏறினான், இன்னும் ஏறினான், எட்டினான்... கையிலிருந்து நழுவிய கண்ணாடித் தம்ளர்போலக் குரல் உடைந்தது.

காமிராக்களின் சிவப்பு விளக்குகள் மட்டும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன. ஓட்டோரினோ நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தார். கை மட்டும் தட்டுவேன் என்று வாக்குக் கொடுத்த நான்? என் உதடுகள் தாமாகவே குவிந்துவிட்டன. சத்தியமாக நான் குவியச் சொல்லவில்லை.

"ஊ... ஊ... ஊ!"

நானில்லை. ஓட்டோரினோவும் இல்லை. லேடா! எழுந்து, கைப்பிடிச் சுவருக்கு மேலே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு கத்தினாள்: "டேய் ஆதெல்மோ! நேத்து வீட்டுல எப்படிப் பாடினே! என்னடா இது? மறுபடி பாடுடா!"

ஓட்டோரினோ இழுத்த காற்று மூக்கு வழியாக வெளியேறியது. "அக்கா... நீங்க பெத்த பிள்ளையாச்சே அவன்."

"பிள்ளைன்னா? நானும் டிக்கெட் வாங்கித்தானே உட்கார்ந்திருக்கேன்?"

கீழே அவன் முகம் வெளுத்தது. இனி அவன் மேடையை விட்டு ஓடுவான், அதோடு அவன் வாழ்வு முடிந்தது என்று நான் அழத் தயாராகிவிட்டேன். ஆனால் அவன் அண்ணாந்து பார்த்தான். குரல் யாருடையது என்று தெரிந்ததும் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறான்! இசை நடத்துநரிடம் குனிந்து ஏதோ கேட்டான். வாத்தியங்கள் மறுபடி தொடங்கின. இந்தத் தடவை அந்த ஸ்வரம் எங்கள் கூரைவரை வந்து, அசையாமல் நின்று, எல்லோரையும் பார்த்துவிட்டுத்தான் இறங்கியது. தொண்டை கிழியக் கத்தினோம். லேடா கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்து விம்மினாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்:

"ரெண்டாவது வரியில கொஞ்சம் அவசரப்பட்டுட்டான்."

படம் ஊருக்கு வந்தபோது மேல்மாடமே திரண்டு போனது. பாட்டைக் கேட்கவா போனோம்? எங்கள் குரலைக் கேட்க! லேடாவின் ஊளையை அவர்கள் வெட்டவில்லை. அது திரையரங்கை நிறைத்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளோ கண்ணை மூடி, விரலை உயர்த்தியிருந்தாள்.

"கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும்."

"சுருதியும் சேரலை அக்கா" என்றார் ஓட்டோரினோ. வருத்தத்தோடு நானும் தலையசைத்தேன்.

நல்லவேளை, நாம் இப்படி இல்லை என்று நீங்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. இருக்கட்டும். ஆனால் முதல் வரியிலிருந்தே, எந்த வாக்கியம் இழுக்கிறது, எந்த இடத்தில் இந்தக் கதை சொல்கிறவன் சறுக்கப்போகிறான் என்று காத்துக்கொண்டே படித்தீர்களே, அது எதற்கு?

மேலே வாருங்கள். படிகள் செங்குத்து, பார்த்து ஏறுங்கள். நாங்கள் நகர்ந்து உட்காருகிறோம்.