பொட்டு வைத்த டிஸ்க்

செமோர்,
அக்டோபர் 1988

கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் கடை நடத்தும் மதிப்புக்குரிய மச்சான் பத்துமலை அவர்களுக்கு, மாயாண்டி வணக்கத்துடன் சொல்லச் சொல்ல, உங்கள் தங்கை வீரம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். என் மானம் ஒன்றுதான் சுகமில்லை.

நீங்கள் அனுப்பிய டிஸ்க்கையும் பேசும் பெட்டியையும் அன்றைக்கு போனில் வாய்க்கு வந்தபடி திட்டினேனே, அதை மனசில் வைக்காதீர்கள். ஜெலாப்பாங் தொழிற்சாலையில் புது டெலிபோன் வந்தாச்சு, இனி ஆபரேட்டர் தேவையில்லை, கம்ப்யூட்டரில் கடிதம் அடித்துக் காட்டினால்தான் எனக்கு வேலை என்று மேனேஜர் லியோங் சொன்னது உங்களுக்குத் தெரியும். ஆபீஸில் மற்றவர்கள் போடும் சிஸ்டம் டிஸ்க் ஊமை. உங்களுடையதைப் போட்டு மெஷினைக் கிளப்பினால் அடிக்கிற ஒவ்வொரு வார்த்தையையும் வாய்விட்டுச் சொல்லும் என்றீர்கள். நல்லபடியாகப் பேசட்டும் என்று அதை ஆயுத பூஜையில் வைத்துப் படைத்தோம். மறுநாள் மேனேஜர், கணக்கு எழுதும் கிராணிமார் எல்லாரும் சுற்றி நிற்க, டைப்பிஸ்ட் அம்பிகை போட்டுத் தரட்டுமா என்று கேட்டதற்கு, கண்ணு இல்லாட்டி கை இருக்குலா என்று வீறாப்பாகச் சொல்லி நானே உள்ளே தள்ளினேன். கரகர என்றது, அப்புறம் பேச்சு மூச்சு இல்லை. என் மச்சான் கொடுத்த ஓட்டைச் சாமான் என்று சத்தம் போட்டேன். அம்பிகை அதை வெளியே எடுத்துப் பார்த்து, "அண்ணே, இதில சந்தனம் அப்பிக் கிடக்கு" என்றாள். ஆபீஸே சிரித்தது. காது இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து வீரம்மா மேல் பாய்ந்தால், அவள் நிதானமாகச் சொல்கிறாள்: "நீங்கதானே தடவிப் பாத்து, இந்தா நெத்தி மாதிரி ஒரு எடம் தொறந்திருக்கு, அங்க வைன்னு என் வெரலப் புடிச்சு வச்சீங்க." நிஜம்தான் மச்சான். வெட்கமாக இருக்கிறது. (அண்ணே, குங்குமமும் அவர்தான் கேட்டார். நான் பூ போதும் என்றேன். - வீரம்மா)

திங்கட்கிழமை மறுபடி காட்டச் சொல்லியிருக்கிறார் மேனேஜர். இன்னொரு டிஸ்க் பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். தப்பெல்லாம் என்னுடையது, உங்கள் சிஸ்டத்தில் ஒரு குறையும் இல்லை. அக்காவுக்கு என் கும்பிடு, பிள்ளைகள் நோய் நொடியில்லாமல் நல்லா வளரட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த
மாயாண்டி

பி.கு.: தபாலில் போடுவதற்குள் திங்கள் வந்துவிட்டது. டிஸ்க் வேண்டாம். அம்பிகை அதைப் பஞ்சால் துடைத்து, இன்னொன்றில் பதித்தும் வைத்திருந்தாள். பெட்டி அருமையாகப் பேசியது. மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தில் வந்து மெல்லிய குரலில் அடுத்த கடிதம் சொன்னார். இனி டைப்பிஸ்ட் தேவையில்லை என்று அம்பிகைக்கு. நான் அடிக்க அடிக்கப் பெட்டி ஊர் கேட்கச் சொன்னது. அடுத்த மேசையில் அவள். அவள் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடுகிறது. காலால் வயரை இழுத்துவிட்டு, கரண்ட் போச்சு என்றேன். அம்பிகை எழுந்து வந்து, "வயர் கழண்டு கிடக்கு அண்ணே, கொழுவி விடட்டா?" என்று கேட்டாள். மச்சான், கண் தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இந்த சிஸ்டம் ஓடாது என்று உங்கள் கடைத் தாளில் எழுதி, முத்திரை குத்தி உடனே அனுப்புங்கள். பொய்தான். யார் தயவும் வேண்டாம் என்று இத்தனை வருசம் பீற்றிக்கொண்ட நான்தான் கேட்கிறேன்.