பத்தரை மணி போன்

நம்மைவிட விவரம் குறைந்த பத்துப் பேருக்கு நடுவில் குடியிருந்தால் யார் வேண்டுமானாலும் மேதை ஆகிவிடலாம். பத்மநாபசுவாமி கோயில் பக்கம் ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவுக்கு நான் 'போன் டாக்டர்' ஆனது அப்படித்தான். எதிர்வீட்டு மாமிக்கு எழுத்து சின்னதாகத் தெரிந்தால் பெரிதாக்கிக் கொடுப்பேன். மணி அடிக்கவில்லை என்று யாராவது வந்தால் சைலன்ட்டை எடுத்துவிடுவேன். (வைத்தியம் அவ்வளவுதான். அதற்கு மேல் எந்த வியாதி வந்தாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவேன்.) இதற்கே எனக்கு இருந்த மிதப்பைப் பார்த்திருந்தால் நீங்களே கூப்பிட்டு இரண்டு போடு போட்டிருப்பீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்காவின் கணவர், அதாவது அத்திம்பேர், லீவில் ஊருக்கு வருவதற்கு முன் அங்கே ஒரு கடையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"டேய் கணேஷ், நீ கேட்ட போன் இருக்கு. ஆனா இந்தக் கம்பெனி சிம் மட்டும்தான் எடுக்கும்னு லாக் பண்ணி வெச்சிருக்கான். அதான் விலை குறைச்சல். லாக் இல்லாததும் இருக்கு. எது வேணும்?"

புத்தியுள்ளவன் என்ன சொல்லியிருப்பான்? நான் சிரித்தேன். "லாக்கெல்லாம் நான் பாத்துக்கறேன் அத்திம்பேர். நீங்கோ வாங்கிண்டு வாங்கோ."

"பதினாலு நாளைக்குள்ள திருப்பிக் குடுக்கலாமாம். நான் வந்த உடனே போட்டுப் பாத்துடு, கேட்டியா?"

போன் வந்தது. அதே வாரம் கரமனையிலிருந்து ஒரு ஜாதகமும் பொருந்தி வந்தது. பெண் பெயர் வித்யா, டெக்னோபார்க்கில் கம்ப்யூட்டர் வேலை. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அதற்கு முன் ஆறு ஜாதகங்கள் கைநழுவிப் போயிருந்தன. வித்யாவின் போட்டோவைப் பார்த்த நிமிடமே எனக்கு மனசு தடதடவென்று அடித்துக்கொண்டது. இதுவும் தவறிப்போனால் அவ்வளவுதான், இனி பெண்ணே வேண்டாம் என்று முடிவு கட்டியிருந்தேன். பெண் பார்க்கப் போவதற்கு முன் நாங்கள் இருவரும் போனில் பேசட்டும், ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு நான் கூப்பிட வேண்டும் என்று பெரியவர்கள் பேசி வைத்தார்கள்.

"முன்னாடி ஒரு பையனை வேண்டாம்னுட்டாளாம்டா" என்று அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஆறு மணிக்குக் கூப்பிடறேன்னுட்டு எட்டு மணிக்குக் கூப்பிட்டானாம். நேரம் தவறினா அந்தப் பொண்ணுக்கு ஆகாதாம். பாத்துக்கோ."

புது போனிலிருந்து போகும் முதல் அழைப்பே வித்யாவுக்குத்தான் என்று அந்த நிமிடம் தீர்மானித்தேன். அப்படியானால் அதை நல்ல நேரத்தில்தானே திறக்க வேண்டும்? (நாள் நட்சத்திரத்தில் எல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. பெண் விஷயம் என்பதால் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொண்டேன்.) பெட்டியைப் பூஜை அறையில் சாமி படங்களுக்கு முன்னால் வைத்தேன். அஷ்டமி போயிற்று, நவமி போயிற்று, ஒரு கரிநாள் போயிற்று, இரண்டு நாள் எனக்குச் சந்திராஷ்டமம். அத்திம்பேர் தினமும் காபி டம்ளரோடு வந்து, "திறந்து பாருடா, திருப்பற நாள் ஓடிண்டே இருக்கு" என்று கரடியாகக் கத்தினார். நான் பஞ்சாங்கத்தைக் காட்டினேன். திங்கட்கிழமை அவருக்கு ஃபிளைட். செவ்வாயோடு பதினாலு நாளும் முடிகிறது.

ஞாயிறு காலை நாகர்கோவில் சித்தப்பா வந்தார். கர்ணப் பிரபு மாதிரி என் பழைய போனிலிருந்து சிம்மை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே இருந்ததை எல்லாம் அழித்து, போனை அவர் கையில் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். அக்காவும் அத்திம்பேரும் பொன்முடி மலைக்குக் கிளம்பினார்கள். என் கல்யாணம் கூடி வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ள அம்மாவும் அப்பாவும் பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போனார்கள். கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது என்பதால் இரண்டு போனும் வெளியே கவுன்டரில் டோக்கன் வாங்கிக்கொண்டு தூங்கின. வீட்டில் நான் மட்டும். பின்னே, வித்யாவோடு பேசத் தனிமை வேண்டாமா?

ஒன்பதரை மணிக்குக் குளித்து, வேட்டி கட்டி, பெட்டியைப் பிரித்து, போனின் முதுகில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமியை நினைத்துக்கொண்டு சிம்மைப் போட்டேன்.

'இந்த சிம் ஏற்கப்படாது' என்றது போன்.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். மறுபடியும் அதே. என் மருத்துவம் முடிந்துவிட்டது.

ஸ்கூட்டரை அத்திம்பேர் எடுத்துப் போயிருந்தார். ஓட்டமும் நடையுமாகச் சாலைக் கடைத்தெருவில் இருக்கும் தென்காசி பாயின் செல்போன் கடைக்குப் போனேன். பாய் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது லாக் போட்ட செட்டுல்லா. அந்த ஊர்க் கம்பெனிக்காரன் திறந்து விட்டாத்தான் உண்டு. இங்க ஒரு பய ஒண்ணும் செய்ய முடியாது." விரலில் ஒட்டியதை முகர்ந்தார். "இது என்னது?"

"சந்தனம்."

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பூசையே போட்டாச்சா? அப்பம் இனி நான் என்னத்தச் செய்ய?"

அவசரம் என்று சொன்னதும் அந்த நல்ல மனிதர் தன் போனையே நீட்டினார். கையில் வாங்கிக்கொண்டு மரம் போல நின்றேன். வித்யாவின் நம்பர் சித்தப்பாவுக்குக் கொடுத்த போனில் இருந்தது. அதை என் கையாலேயே அழித்திருந்தேன். அம்மா நம்பரோ அத்திம்பேர் நம்பரோ எனக்கு மனப்பாடம் கிடையாது. உலகத்தில் எனக்கு நினைவிருந்த ஒரே நம்பர் எங்கள் வீட்டு லேண்ட்லைன். அதையும் எப்போதோ எடுத்துவிட்டோம்.

மணி பத்து இருபது. ஐயோ, பெண் போயிற்றே! அவர்கள் இருக்கும் தெரு மட்டும் தெரியும். ஒரு ஆட்டோவில் பாய்ந்து ஏறினேன்.

"சேட்டா, கரமனைக்கு. வேகம் போணும்!"

"ஆஸ்பத்திரியா?" என்று டிரைவர் பதறினார்.

"இல்லை, போன் பண்ண!"

அவர் கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு மீட்டரைப் போட்டார்.

கரமனையில் இரண்டு வீடு தவறி மூன்றாவது வீட்டின் மணியை அடித்தேன். வித்யாவின் அப்பா கதவைத் திறந்தார். வியர்த்து ஒழுகும் என்னைப் பார்த்து, "யாரு?" என்றார்.

"நான்... பத்தரை மணிக்குப் போன் பண்ண வேண்டியவன்."

அவருக்குப் பின்னால் கூடத்தில் வித்யா கையில் போனோடு உட்கார்ந்திருந்தாள். சுவரில் மணி பத்து இருபத்தொன்பது. போட்டோவில் இருந்ததைவிட அழகு. (இதைச் சொல்லாவிட்டால் இன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு கிடையாது.) மூச்சு வாங்க முழுக் கதையும் சொல்லி, சாட்சியாகப் போனை நீட்டினேன். அவள் வாங்கிப் பார்த்தாள்.

"உங்காத்துல வைஃபை இல்லையா?"

"இருக்கே."

"அதுல கனெக்ட் பண்ணி உங்க மெயிலைப் போட்டிருந்தா நம்பர் எல்லாம் தானே வந்திருக்குமே. சிம் இல்லாமலே வீடியோ கால் பண்ணியிருக்கலாமே?"

அப்படி ஒன்று இருப்பதே அந்த அவசரத்தில் எனக்குத் தோன்றவில்லை. அவள் அப்பா வேறு, "மாப்பிள்ளைதான் அந்தத் தெருவுக்கே போன் டாக்டர்னு தரகர் சொன்னாரே" என்றார். காபி கொடுத்தார்கள். என்ன பேசினேன் என்று சத்தியமாக நினைவில்லை. கிளம்பும்போது அவள், "அப்போ இதைத் திருப்பிடுவேளா, வெச்சுப்பேளா?" என்று கேட்டாள்.

"திருப்பிடறேன்" என்றேன். பெண்ணையும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினேன்.

மறுநாள் மத்தியானம் சந்தனத்தைத் துடைத்துப் போனைப் பெட்டியில் போட்டு அத்திம்பேர் சூட்கேஸில், அப்பளக் கட்டுக்கும் நேந்திரங்காய் வறுவலுக்கும் நடுவில் வைத்தேன். அவர் ஆயிரம் சொல்லியிருக்கலாம். "சந்திராஷ்டமம் முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார். அப்போது கரமனையிலிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது. பேசப் பேச அம்மாவின் முகம் மலர்ந்தது.

"பொண்ணுக்குச் சம்மதமாம்! போன் வேலை செய்யலேன்னா ஆயிரம் சாக்கு சொல்லலாம், இவர் நேரத்துக்கு ஓடி வந்தாரேன்னு சொன்னாளாம்!"

அடுத்த நொடி அம்மா சூட்கேஸைத் திறந்து போனை வெளியே எடுத்துவிட்டாள். "ராசியான போன். இது ஆத்தை விட்டுப் போகப்படாது."

"அம்மா, ஒரு வருஷம் ஆனாத்தான் கம்பெனிக்காரன் லாக்கை எடுப்பான். அதுவரைக்கும் அது இங்க சிம்மே எடுக்காது!" என்று அத்திம்பேர் அலறினார். பிறகு என்னிடம், "டேய், இப்போ விட்டா திருப்ப முடியாது. நீ சொல்லு" என்றார்.

நான் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் நின்றிருந்தேன். "வெச்சுக்கறேன் அத்திம்பேர்" என்றேன். என் வாழ்க்கையிலேயே முட்டாள்தனமான அந்த முடிவைப் பற்றி ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

ஒரு வருஷம் அந்தப் போன் எங்கள் வீட்டில் டார்ச்சாகவும் அலாரமாகவும் உழைத்தது. என்னிடம் போனைக் கொடுக்கத் தெருவில் யாரும் வரவில்லை. எதிர்வீட்டு மாமி நேரே வித்யாவிடம் போக ஆரம்பித்தாள். பிறகு ஒரு நாள், பூட்டைத் திறந்துவிட்டார்கள் என்று அத்திம்பேர் செய்தி அனுப்பினார். பஞ்சாங்கம் பார்க்காமலே சிம்மைப் போட்டேன். கட்டம் கட்டமாக சிக்னல் வந்தது. கூடத்தில் நின்றுகொண்டு, சமையலறையில் சாம்பாருக்கு அரைத்துக்கொண்டிருந்த என் மனைவியைக் கூப்பிட்டேன். மிக்ஸி நின்றது. போனை எடுத்தாள்.

"ஹலோ, இப்போதான் மணி பத்தரை ஆச்சா?"

அன்று பிடித்தது. இன்றைக்கும் நான் எங்கே தாமதமாகப் போய் நின்றாலும் வீட்டில் இதே கேள்விதான். போன வாரம் நர்சரி பள்ளிக்கூட வாசலில், எல்லாக் குழந்தைகளும் போன பிறகு தனியாகப் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்த எங்கள் பெண் என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்கு இன்னும் மணி பார்க்கத் தெரியாது.

"அப்பா, பத்தரை ஆயிடுத்தா?"