ஒரு கரண்டிக்கு ஒரு விரல்

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் குடியிருக்கும் லோகேஸ்வரனுக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் திடீரென்று குழந்தைகள் மேல் அன்பு வந்துவிட்டது.

அதுவரை மின்தூக்கியில் ஒரு குழந்தை ஏறினால், அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொள்கிற ஆள் அவர். அப்படிப்பட்டவர், கீழே இருக்கும் காய்கறித் தோட்டத்தில் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் கதை சொல்ல ஆள் வேண்டும் என்று சாந்தினி டீச்சர் சொன்னதும், நானே சொல்கிறேன் என்று கையைத் தூக்கிவிட்டார்.

காரணம் தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. சாஹித்தின் சாப்பாட்டுக் கடை.

முன்பெல்லாம் மனைவி ஜெயலெட்சுமியோடு தினமும் அங்கேதான் பசியாறுவார். உட்கார்ந்ததும் பால் தேநீருக்காக அவர் வாய், "தே தாரிக், கூராங் மானிஸ்" என்று சொல்லும். இனிப்பைக் குறை என்று கடையே கேட்கச் சொல்லும். அதே நேரம் முதுகுக்குப் பின்னால் கை இரண்டு விரலைக் காட்டும். கெட்டிப்பால் இரண்டு கரண்டி கூடுதல் என்று அர்த்தம். சாஹித் வாயை நம்பமாட்டான், கையைத்தான் நம்புவான். பக்கத்தில் இருக்கும் ஜெயலெட்சுமிக்கோ பெருமை தாங்காது. இவ்வளவு கட்டுப்பாடான மனுஷனுக்கு ரத்தத்தில் இனிப்பு நீர் ஏன் இறங்கவில்லை, மருந்துதான் சரியில்லை என்று டாக்டரோடு சண்டைக்கே போயிருக்கிறாள்.

பிறகு வலது காலில் சுண்டுவிரல் கறுத்தது. பக்கத்து விரலும் கறுத்தது. இரண்டையும் எடுத்தார்கள். இனி ஒருமுறை வந்தால் இதுவரைக்கும் எடுக்க வேண்டியிருக்கும் என்று, டாக்டர் முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். துணிக்கடைக்காரன் அளவு காட்டுவதுபோல இருந்தது.

நான்கு மாதத்தில் லோகேஸ்வரன் அதை மறந்துவிட்டார். ஜெயலெட்சுமியால் முடியவில்லை. தினமும் காலையில் அவர் காலை மடியில் வைத்து, மிச்ச விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, அரிசியில் கல் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். சீனி டப்பாவில் வெந்தயம் புகுந்தது. இன்றைக்குப் பாகற்காயும் கங்கோங் கீரையும் என்றால், நாளைக்குக் கங்கோங் கீரையும் பாகற்காயும். வெளியே போனால் நிழல்மாதிரி கூடவே வருவாள். நிழலாவது உச்சி வெயிலில் கொஞ்சம் ஓய்வெடுக்கும்.

"உங்களுக்குப் புள்ளைங்க சத்தமே ஆகாதே. எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டாள்.

"சமுதாயத்துக்கு ஏதாவது செய்யணும், லெட்சுமி."

"அப்ப நானும் வர்றேன்."

"நீ எதிர்ல உக்காந்தா எனக்குக் கதையே வராதுலா."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பாகற்காயைத் தட்டிலேயே ஒதுக்கினார். கடைசியில் அவள் இறங்கி வந்தாள். நான் காய் வாங்கப் பாசாருக்குப் போகிறேன், நீங்கள் மட்டும் போய்வாருங்கள் என்றாள். கல்யாணமான நாளிலிருந்து தான் ஜெயித்த முதல் சண்டை இதுதான் என்று லோகேஸ்வரனுக்குத் தோன்றியது. கதையைக்கூட அவளே கொடுத்தாள், கீரை ஆய்ந்துகொண்டே.

"காய்கறி நல்லதுன்னு மட்டும் சொன்னா புள்ளைங்க எந்திரிச்சுப் போயிரும். ஒரு பூதத்தைப் போடுங்க. தே கிளாசுக்குள்ள குடியிருக்கற பூதம். ஒரு கரண்டி பாலுக்கு ஒரு கால்விரலைக் கடிச்சு எடுத்துக்கும். பாகற்காயைப் பார்த்தா மட்டும் ஓடிரும்."

அவருக்கு எந்தக் கதையாக இருந்தால் என்ன. சீக்கிரம் முடிந்தால் போதும்.

சனிக்கிழமை காலை வெண்டைச் செடிகளுக்கும் பாகல் பந்தலுக்கும் நடுவில் பாய் விரித்திருந்தார்கள். பிள்ளைகள் செடி எதையும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அவர் செருப்பின்மேல். தனுஜா என்ற ஐந்து வயதுப் பெண் கேட்டேவிட்டாள், மிச்ச விரலெல்லாம் எங்கே என்று.

லோகேஸ்வரன் பூதத்தை அவிழ்த்துவிட்டார். சொல்லச் சொல்ல அவருக்கே சூடு பிடித்துவிட்டது. பூதம் விரலை மெல்லும் சத்தத்தையும் செய்து காட்டினார். பிள்ளைகள் கால்களைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார்கள். ஒரு குழந்தை பந்தலில் தொங்கிய பிஞ்சைப் பறித்து, அழுதுகொண்டே கடித்தது.

முடித்த கையோடு வேலி இடுக்கு வழியாக நொண்டிக்கொண்டே போய்ச் சாஹித் கடையில் உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் இல்லை. ஆனாலும் பழகிப்போன வாய் "கூராங் மானிஸ்" என்றது. பழகிப்போன கை முதுகுக்குப் பின்னால் போய் இரண்டு விரலைக் காட்டியது.

பின் மேசைகளில், பசியாற அம்மாக்கள் அழைத்து வந்த கதை கேட்ட பிள்ளைக் கூட்டம் முழுவதும் உட்கார்ந்திருந்தது.

"அங்கிள் ரெண்டு காட்றாரே, ரெண்டு என்னா?" என்று கேட்டாள் தனுஜா.

"பாலும்மா. ரெண்டு கரண்டி" என்றான் சாஹித், கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல.

தனுஜா தன் விரலை மடக்கிப் பார்த்தாள். பிறகு அவர் காலைப் பார்த்தாள்.

"அப்ப இன்னும் ரெண்டு போயிருமா?"

யாரும் சிரிக்கவில்லை. ஒரு குழந்தை விசும்பத் தொடங்கியது. பிறகு இன்னொன்று. தனுஜா இறங்கி வந்து அவர் காலடியில் குந்தி, மிச்சமிருந்த விரல்களை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அந்தச் சின்னக் கைகள் சில்லென்று இருந்தன. டாக்டர் கை வைத்துக் காட்டிய இடம் லோகேஸ்வரனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சாஹித் ஒரு கிளாசைக் கொண்டுவந்து வைத்தான். பாலும் இல்லை, சீனியும் இல்லை. வெறும் தே ஓ கோசோங். அத்தனை பிள்ளைகளும் பார்த்திருக்க, அதை அடிவரை குடித்தார்.

வீட்டில் ஜெயலெட்சுமி வழக்கம்போலக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஒரு கரண்டிக்கு ஒரு விரல்னு கதை கட்டினியே, சாஹித் உன்கிட்ட எப்பச் சொன்னான்?" என்று கேட்டார்.

"உங்களை அறுக்க உள்ள கொண்டு போனப்ப. வெளியில நின்னு அழுதான். நீங்க முதுகுக்குப் பின்னால காட்டற அந்த ரெண்டு விரலைத் தன் கையாலயே காட்டினான்."

லோகேஸ்வரன் வீராப்பாக, "அடுத்த சனிக்கிழமை நான் கதை சொல்லப் போகமாட்டேன்" என்றார்.

"போகாதீங்க" என்றாள் அவள், விரல்களை விலக்கியபடியே. "நாளைக்குக் காலையில தனுஜா எண்ணிப் பார்க்க வருதாம். காலைக் கழுவி வைங்க."